பார்ட் கிடைக்கலையா... அதுக்காக கார் நிக்கணுமா?

எஞ்சின் நன்றாக இருக்கிறது. டயர் புதுசு. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. ஆனாலும் வண்டி நகரவில்லை. காரணம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதான ஒரு பிளாஸ்டிக் புஷ். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. கடைக்காரர், "அது இப்போ வர்றதில்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்.

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிய காட்சிதான். அப்பா வாங்கிய அம்பாசடர், தாத்தா ஓட்டிய ஃபியட், கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக வாங்கிய மாருதி 800... இப்படி எத்தனையோ வண்டிகள் பெரிய கோளாறு எதுவும் இல்லாமல், ஒரு சின்ன சாமானுக்காக ஷெட்டில் நின்று, துருப்பிடித்து, கடைசியில் எடைக்குப் போகின்றன. இன்னொரு பக்கம், 'ஏதோ ஒன்றை மாட்டி ஓட்டிடலாம்' என்று கையில் கிடைத்ததை வைத்துக் கட்டி, நடுரோட்டில் ஆபத்தில் சிக்குபவர்களும் உண்டு.

எந்தச் சாமானை நாமே செய்துகொள்ளலாம், எப்படிச் செய்ய வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது? பார்க்கலாம்.

முதல் லாங் டிரைவே ஒட்டுவேலைதான்!

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஒரு பெண்மணி, தன் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் கிளம்பினார். அவர் பெயர் பெர்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ். 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பயணம்தான் உலகின் முதல் நீண்ட தூர கார் பயணம்.

வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்படும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். பற்றவைக்கும் ஒயரில் உறை தேய்ந்துபோனது. காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றிச் சுற்றினார். மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்தபோது, ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் அதன்மேல் தோலை அடித்து வாங்கிக்கொண்டார். இன்று நாம் பிரேக் லைனிங் என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான்.

ஆக, கார் பிறந்த காலத்திலேயே 'பார்ட் கிடைக்கல' பிரச்னையும் பிறந்துவிட்டது. அதற்கு வழி கண்டுபிடிக்கும் கையும் கூடவே பிறந்துவிட்டது.

இல்லாத சாமான் உண்மையில் இல்லாததா?

அம்பாசடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டு ஜனவரியில் விடைபெற்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் பல வருடங்கள் முன்பே போய்விட்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபரோடு சாலையிலிருந்து ஓய்வு பெற்றன.

ஆனால், மாடல் நின்றுவிட்டது என்பதால் அதில் இருக்கும் எல்லாச் சாமானும் காணாமல் போய்விடவில்லை. செய்ய உட்காருவதற்கு முன் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு.

முதலாவது, சொந்தக்கார வண்டிகள். மாருதி 800-ல் இருந்த அதே 796 சி.சி. எஞ்சின் குடும்பம்தான் ஆம்னியிலும் இருந்தது. ஆம்னி 2019 வரை வந்தது. அதனால், 800-க்கு இல்லை என்று சொன்ன கடையில் 'ஆம்னிக்கு இருக்கா?' என்று கேட்டால் சில சாமான்கள் வெளியே வரும். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் அதே குடும்பத்து எஞ்சின்கள் ஓடின. அந்தக் கார்களை இன்றும் ஆசையாகப் பராமரிப்பவர்களுக்காக வெளிநாட்டில் சாமான்கள் செய்யப்படுகின்றன. எல்லாமே அப்படியே பொருந்திவிடாது. அளவு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, எண்கள். பேரிங் என்றால் வண்டியின் பெயரைச் சொல்லித் தேடவே வேண்டாம். அதன் ஓரத்தில் 6202 என்று பொறித்திருந்தால், உள் விட்டம் 15 மி.மீ., வெளி விட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. உலகம் முழுவதும் இதே அளவுதான். பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. ஆயில் சீலும் அப்படித்தான். 35-52-7 என்று இருந்தால் உள்ளே போகும் ஷாஃப்ட் 35, உட்காரும் துளை 52, தடிமன் 7 மி.மீ.

மூன்றாவது, பழைய சாமான் சந்தை. சென்னையில் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை என்பது பலருக்கும் தெரிந்த வழி. அங்கே போகும்போது உடைந்த துண்டு எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். போனில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'கியர் ராடுல ஒரு ரவுண்டா வருமே...' என்று வாயால் விளக்குவதைவிட, உடைந்த பாதித் துண்டு நிறைய பேசும்.

இத்தனைக்கும் பிறகும் கிடைக்கவில்லையா? அப்போது செய்துவிடலாம்.

30 நிமிடத்தில் ஒரு புஷ்

உதாரணத்துக்கு, அதிகம் காணாமல் போகும் சாமானையே எடுத்துக்கொள்வோம். கியர் லீவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கம்பிகள், ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒரு சின்ன புஷ் இருக்கும். நைலான் அல்லது ரப்பர். அது தேய்ந்தால் லீவர் லொடலொடவென்று ஆடும். ரிவர்ஸ் விழாது. முழுதாக உதிர்ந்தால் கம்பி கழன்று விழுந்து, வண்டி எந்த கியரில் இருந்ததோ அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

இதைச் செய்ய ஒரு வெர்னியரும், தெரிந்த ஒரு லேத் பட்டறையும் போதும்.

பழைய புஷ் முழுசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது எங்கே உட்கார்ந்திருந்ததோ அந்த இரண்டு இரும்புப் பாகங்களும் இருக்கின்றனவே! துளைக்குள் போகும் பின்னின் விட்டத்தையும், துளையின் விட்டத்தையும் அளந்தால் புஷ்ஷின் அளவு தானாக வந்துவிடும்.

அளக்கும்போது ஒரே இடத்தில் அளக்காதீர்கள். பின்னைச் சுற்றி மூன்று, நான்கு பக்கம் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 10 மி.மீ., இன்னொரு பக்கம் 9.4 மி.மீ. என்று வந்தால் பின்னே தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் ஆட்டம் நிற்காது. முதலில் பின்னை மாற்ற வேண்டும். அல்லது வெல்டிங் வைத்துக் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பின் சரியாக 10 மி.மீ., துளை 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் வெளி விட்டம் 14.1 இருக்கட்டும், தட்டினால் இறுக்கமாக உட்காரும். உள் விட்டத்தைச் சரியாக 10 என்று சொல்லிவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை இறுக்கமாகத் துளைக்குள் அழுத்தும்போது அதன் உள் ஓட்டையும் கொஞ்சம் சுருங்கும். 10.2 என்று கடையச் சொல்லி, பொருத்திய பிறகு பின்னை விட்டுப் பார்த்து, பிடித்தால் லேசாகச் சீவிக்கொள்ளலாம். நகராமல் இருக்க ஒரு பக்கம் காலர் வைக்கச் சொல்லுங்கள். மறுபக்கம் வாஷரும் ஸ்ப்ளிட் பின்னும்.

இனி, எந்தப் பொருளில் செய்வது? நைலான் ராடு எளிதாகக் கிடைக்கும். ஆனால், அது ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். டெல்ரின் என்று கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு. கன்மெட்டலும் போடலாம், கிரீஸ் வைக்க மறக்கக் கூடாது, லீவரில் அதிர்வும் கூடுதலாகத் தெரியும். 'இரும்பிலேயே போட்டா ஜென்மத்துக்கும் தேயாது' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே தேய வேண்டியது புஷ்தான். புஷ் தேயாவிட்டால் அதற்குப் பதிலாகப் பின் தேயும். சில ரூபாய் சாமானைக் காப்பாற்றப் போய் பெரிய செலவை இழுத்துவிட்டுக்கொள்வோம்.

லேத்தில் ஒன்று கடைவதற்கும் மூன்று கடைவதற்கும் வேலை நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூன்றாகச் செய்து வாங்குங்கள். இரண்டைக் கவரில் போட்டு, அளவையும் எழுதி, டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

பொருத்திய உடனே ரோட்டுக்குப் போக வேண்டாம். எஞ்சினை நிறுத்தி வைத்து எல்லா கியரும் விழுகிறதா பாருங்கள். பிறகு காலி இடத்தில் மெதுவாக ஒரு சுற்று. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

நடுவழியில் புஷ் உதிர்ந்துவிட்டால்? பின்னின்மேல் பிடிப்பாக ஏறும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப்பை வெட்டிச் செருகி, வாஷர் போட்டுக் கட்டினால் வீடு வந்து சேரலாம். வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். 'நல்லாத்தானே ஓடுது' என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது!

ரப்பர் எல்லாம் ரப்பர் அல்ல

சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷர், ரப்பர் செருப்பை வெட்டி புஷ்... நம் ஊரில் இது சர்வ சாதாரணம். பேட்டரி ஆடாமல் இருக்க அடியில் வைப்பது, கதவு தடதடப்பதை நிறுத்துவது போன்ற இடங்களில் தாராளமாகச் செய்யலாம். ஆனால், ஆயிலோ பெட்ரோலோ படும் இடத்தில் வேண்டாம். சாதாரண ரப்பர் அவற்றில் ஊறி, உப்பி, கூழாகிவிடும்.

ஆயில் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர். ரேடியேட்டர் தண்ணீர் பக்கம் ஈ.பி.டி.எம். ரப்பர். இந்த ஈ.பி.டி.எம். தண்ணீருக்கு அருமையானது, ஆனால் எஞ்சின் ஆயிலில் ஊறினால் வீங்கிவிடும். சந்தேகம் என்றால், ஒரு துண்டை வெட்டி அளந்து, எஞ்சின் ஆயிலில் ஓர் இரவு போட்டு, காலையில் திரும்ப அளந்து பாருங்கள். பருத்திருந்தால் அது அந்த இடத்துக்கு ஆகாது.

பெட்ரோல் குழாய் விஷயத்தில் இந்தப் பரிசோதனைகூட வேண்டாம். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதற்கென்றே வரும் குழாயை வாங்கி மாற்றுவதுதான் சரி.

பேப்பர் பேக்கிங்கும் வீட்டிலேயே வெட்டலாம். பேக்கிங் ஷீட்டை வாங்கி, பாகத்தின் விளிம்பில் லேசாக ஆயில் தடவி, ஷீட்டை அதன்மேல் அழுத்தினால் அச்சு அப்படியே விழும். முதலில் போல்ட்டு ஓட்டைகளைப் போட்டுவிட்டு, பிறகு ஓரத்தை வெட்டுங்கள். அலுமினிய பாகத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டினால் விளிம்பு நசுங்கும், ஜாக்கிரதை. பழைய பேக்கிங் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் முக்கியம். பழைய கார்களின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்கு அடியில் தடிமனான பேக்கிங்கைப் போட்டால், உள்ளே இருக்கும் லீவர் எட்டும் தூரம் குறைந்து, பம்ப் பெட்ரோல் இழுப்பதே குறைந்துவிடும். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்துதான். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து, ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். ஹெட் பேக்கிங்கை மட்டும் வீட்டில் வெட்ட நினைக்கவே வேண்டாம்.

3டி பிரின்டர் கைகொடுக்குமா?

கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, ஏ.சி. காற்றுத் திருப்பி, ஸ்விட்ச் மூடி, டிரிம் கிளிப் போன்ற பிளாஸ்டிக் சாமான்களுக்கு நிச்சயம் கைகொடுக்கும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்; அளந்து, வரைந்து, அச்சிட்டுத் தந்துவிடுவார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வெயில். சாதாரணமாக அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். நம் ஊர் கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டும். அதனால், ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக்கில் கேளுங்கள். இரண்டு, அடுக்குகள். அச்சிட்ட பொருள், அடுக்குக்கு நடுவில்தான் சுலபமாக உடையும். எந்தப் பக்கம் இழுவை வருமோ, அந்தப் பக்கம் அடுக்குகள் பிரியாதபடி படுக்க வைத்து அச்சிட வேண்டும். மூன்று, மாதிரி. இடது கதவுச் சாமான் உடைந்து தூளாகிவிட்டதா? வலது கதவில் அதே சாமான் முழுசாக இருக்கும். அதை அளந்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றினால் மாதிரி கிடைத்துவிடும்.

நட்டிலும் ஒரு வில்லங்கம்

'நட்டு போல்ட்டுதானே, ஏதாவது ஒண்ணைப் போடு' என்பது பல வண்டிகளைக் கெடுத்த வாசகம். இங்கிலாந்து வம்சத்தில் வந்த அம்பாசடரில் பல இடங்களில் அங்குலக் கணக்கு. இத்தாலி வம்சத்தில் வந்த பத்மினியில் மில்லிமீட்டர் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. அதன் பக்கத்தில் 8 மி.மீ. போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரைகளின் இடைவெளி வேறு. முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். 'நல்லா டைட்டா இருக்கு' என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், உள்ளே இருக்கும் மரை மொத்தமும் போச்சு. கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

இதில் மட்டும் கை வைக்காதீர்கள்!

எந்தச் சாமானைச் செய்வதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஓடிக்கொண்டிருக்கும்போது இது உடைந்தால் என்ன ஆகும்?'

கியர் புஷ் உடைந்தால் வண்டி நிற்கும். கண்ணாடிக் கைப்பிடி உடைந்தால் மழையில் நனைவோம். அவ்வளவுதான். ஆனால், பதில் 'வண்டி நிற்காது', 'வண்டி திரும்பாது', 'தீப்பிடிக்கும்' என்று வந்தால் அந்த வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

* பிரேக்: சிலிண்டர் வாஷர், குழாய், லைனிங் எதிலும் ஒட்டுவேலை கூடாது. பிரேக் ஆயில் வேறு, எஞ்சின் ஆயில் வேறு. எஞ்சின் ஆயிலுக்குச் சரியான ரப்பர் பிரேக்குக்கு ஆகாது. பெர்தா பென்ஸ் தோல் அடித்து ஓட்டினாரே என்று கேட்கலாம். அந்த வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர்தான்!

* ஸ்டீயரிங், சக்கரம்: ஸ்ப்ளிட் பின் இல்லை என்று ஆணியை வளைத்துச் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சக்கர நட்டு கழலாமல் காப்பதே அந்தச் சின்னப் பின்தான். வளைத்த ஆணி அதிர்வில் நழுவலாம், முறியலாம். ஸ்ப்ளிட் பின் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வண்டியில் பத்து வாங்கிப் போட்டு வைக்கலாம்.

* ஆக்ஸிலரேட்டர் ஸ்ப்ரிங்: காலை எடுத்ததும் ஆக்ஸிலரேட்டரைத் திரும்ப இழுப்பது அது. அதற்குப் பதில் ரப்பர் பேண்டோ வேறு ஏதோ ஸ்ப்ரிங்கோ மாட்டி அது அறுந்தால், வேகம் குறையாமல் வண்டி ஓடும்.

* ஃபியூஸ்: 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் அதில் செம்புக் கம்பியையோ சிகரெட் அட்டையின் ஈயத்தாளையோ சுற்றுவது, பிரச்னையை ஒயருக்குக் கடத்துவது மட்டுமே. எரிய வேண்டிய ஃபியூஸ் எரியாவிட்டால், ஒயர் எரியும்.

* சீட் பெல்ட், ஏர் பேக்: பேசவே வேண்டாம். ஒரிஜினல் மட்டும்தான்.

தேய்ந்த புஷ்ஷுக்கு அதே அளவில் இன்னொன்று போடுவது வண்டியை மாற்றியமைப்பது ஆகாது. ஆனால், எஞ்சினையே மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த கார்களுக்கு 5 வருடங்களுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதிப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு டப்பா

பழைய கார் வைத்திருக்கும் வீட்டில் இருக்க வேண்டியவை: ஒரு வெர்னியர், பலவித ஓ ரிங் அடங்கிய ஒரு டப்பா, ஸ்ப்ளிட் பின், வாஷர், சரியான ஆம்பியர் ஃபியூஸ்கள், ஒரு முழம் பெட்ரோல் குழாய், அதற்கான கிளிப். இதோடு ஒரு நோட்டு. எந்தச் சாமானை எப்போது மாற்றினோம், என்ன அளவு, எந்தக் கடையில் கிடைத்தது, எந்தப் பட்டறையில் கடைந்தோம் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பழைய மெக்கானிக்குகளின் தலைக்குள் இருக்கும் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படாதவை. அவர்கள் கடையைச் சாத்தும்போது அவையும் போய்விடுகின்றன. உங்கள் மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகும்போது பக்கத்தில் நின்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

முக்கியமாக, கழற்றிய பழைய சாமானை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். உடைந்திருந்தாலும் அதன் அளவு அதில்தான் இருக்கிறது.